நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி, இரண்டு நிமிடம்

என் தம்பி போன மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். அலுவலகத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். நாலு பேர் அவனைப் பற்றிப் பேசினார்கள். பொறுமைசாலி என்றார்கள், கோபப்படவே தெரியாதவர் என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் பெட்டியை ஐந்து நிமிடம் முன்னால் ஆரம்பிக்க வைத்ததை ஒருவரும் சொல்லவில்லை. பேசியவர்களில் இரண்டு பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அம்மாவும் போய்விட்டாள். தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். கம்ப்யூட்டர் விஷயத்தில் பிழை இருந்தால் அது என்னுடையது. தேதியிலும் மணியிலும் பிழை இருக்காது. அப்போது எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வீட்டில் அவனுக்கு 'மீதி' என்று பெயர். மூன்றாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தபோது ஈவை எழுதி, மீதியை எழுதி, மற்ற பிள்ளைகள் எல்லாம் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். இவன் மட்டும் எழுந்து நின்று, "சார், இந்த மீதிய என்ன பண்ணணும்?" என்று கேட்டிருக்கிறான். "ஒண்ணும் பண்ண வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாராம் சார். வீட்டுக்கு வந்து பையை இறக்குவதற்கு முன்பே அம்மாவிடம் கேட்டான்.

"அது எங்கம்மா இருக்கும்?"

"உன் தலையில."

அன்றைக்கு வைத்த பெயர்தான். கடைசி வரைக்கும் அம்மா அவனை அப்படித்தான் கூப்பிட்டாள்.

கீழ் வீட்டில் ஒரு டைப்பிஸ்ட் அக்கா குடியிருந்தார். அவரிடம் எட்டு இலக்கம் காட்டும் ஒரு கால்குலேட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் இவனுக்குத் தருவார். ஒருநாள் முகம் வெளுத்துப்போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். எட்டு ஒன்பதுகளை அடித்து, ஒன்றைக் கூட்டியிருக்கிறான். கால்குலேட்டர் ஏதோ ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. "ஒடைச்சுட்டேன்கா" என்றான். நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். டைப்பிஸ்ட் அக்கா ஒரு பொத்தானை அழுத்தினார், பூஜ்யம் வந்தது.

"ஒடையலடா, நிரம்பிடுச்சு. அவ்வளவுதான்."

"நிரம்பினா சொல்லுதே, நல்ல மெஷின்தான்" என்றான் இவன். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன பேச்சு பாருங்கள்!

நான் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் காலர் பிரிவுக்குப் போனேன். அவன் படித்தான். படிப்பு முடிந்ததும் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஆறு பேர் கம்பெனியில் சேர்ந்தான். குளிர் அறைகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் இடம் அது. மருந்து, விதை, பால் என்று எதைக் குளிரில் வைத்தாலும் கம்ப்ரஸர் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். முதலாளிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனாலும் எல்லாரும் பெரியவர் என்றே சொல்வார்கள். பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்குக் கெர்னல் எழுதுவது தம்பியின் வேலை.

அம்மா ஒருநாள் கேட்டாள், "கெர்னல் கெர்னல்ங்கறியே, அப்படின்னா என்னடா?"

"ஒரே அடுப்பு, ஏழு பாத்திரம்மா. எது எப்ப ஏறணும், எது எப்ப எறங்கணும், எது பொங்கப்போகுதுன்னு பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆளத்தான் எழுதறேன்."

"அது நான்தானே?"

"ஆமா. உன்ன மாதிரியே, சரியா நடக்கிற வரைக்கும் அப்படி ஒரு ஆள் இருக்கறதே யாருக்கும் தெரியாது."

நான்கு வருடம் அதை எழுதினான். அறுபது இடங்களில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்து அறையில் ஒருநாள் காலை கம்ப்ரஸர் எழவில்லை. மருந்தாளர் அம்மா ஒருவர் வெப்பம் ஏறுவதைப் பார்த்து, மருந்துகளை எல்லாம் வேறு குளிர் அலமாரிக்கு மாற்றி, பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். சரியாகிவிட்டது. சில வாரங்கள் கழித்து மறுபடி நின்றது. இந்த முறை அவர் கடிதம் எழுதிவிட்டார். காரணம் தெரியாத பெட்டி எனக்கு வேண்டாம், இரண்டு மாதம் கழித்து நேரில் வருகிறேன், அதற்குள் சரியாகாவிட்டால் எங்களுடைய மற்ற மருத்துவமனைகளுக்கும் உங்கள் பெட்டியை வாங்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்.

பெரியவருக்கு நம்பிக்கையில்லை. "அறுபது இடத்துல ஓடுது, ஒரு இடத்துல நிக்குது. அங்க வயரிங் சரியில்லப்பா" என்றார். தம்பி அவருடன் வாதாடாமல் மருத்துவமனைக்குப் போய், மருந்தாளரின் பதிவேட்டையும் பெட்டி அச்சடித்த வெப்பத் தாளையும் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தான். வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, உன் நோட்டைக் குடு."

முதல் முறை பெட்டியை மாலை 4.10-க்குப் போட்டிருக்கிறார்கள். ஐம்பதாவது நாள் காலை ஒன்பது மணி சுமாருக்குக் கம்ப்ரஸர் கடைசியாக ஓடி நின்றிருக்கிறது, பிறகு எழவேயில்லை. இரண்டாவது முறையும் கிட்டத்தட்ட அதே இடைவெளி. நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கினான். கடைசியில் வந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்: 4,29,49,67,296.

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். அவனுடைய கெர்னல் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து, ஒவ்வொரு துளிக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும். அதுதான் பெட்டிக்குக் கடிகாரம். அந்த எண்ணை வைக்க முப்பத்திரண்டு கட்டங்கள் உண்டு, கட்டத்துக்குப் பூஜ்யமோ ஒன்றோதான். எல்லாம் நிரம்பிய பிறகு இன்னும் ஒன்று கூட்டினால் பூஜ்யத்துக்கு விழுந்துவிடும். டைப்பிஸ்ட் அக்காவின் கால்குலேட்டர் போல இது சொல்லவும் சொல்லாது. நிரம்புவதற்கு நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி, இரண்டு நிமிடம், நாற்பத்தேழு நொடி ஆகும். நானும் கையால் போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது.

கம்ப்ரஸர் ஒருமுறை நின்றால் சற்று ஓய்வெடுத்துத்தான் மறுபடி ஓட வேண்டும். அதனால் நின்ற நேரத்தோடு ஓய்வைக் கூட்டி, கடிகாரம் அந்த எண்ணைத் தாண்டிய பிறகு ஓடு என்று எழுதியிருந்தான். மறுபடி ஓடுவதற்குள் கடிகாரம் பூஜ்யத்தில் விழுந்தால்? இன்னும் நேரம் ஆகவில்லை, இன்னும் நேரம் ஆகவில்லை என்று அது இன்னொரு நாற்பத்தொன்பது நாள் காத்திருக்கும். மருந்து காத்திருக்குமா?

"மத்த இடத்துல ஏன்டா நிக்கல?" என்று கேட்டேன்.

"மத்த இடத்துல மாசம் ரெண்டு தடவையாவது கரண்ட் போகும்கா. பெட்டி திரும்பப் பூஜ்யத்துலேருந்து எண்ணும். அம்பது நாள எட்டவே எட்டாது. இந்த ஆஸ்பத்திரில நல்ல ஜெனரேட்டர். கரண்ட் போறதே இல்ல."

"ஒழுங்கா வச்சிருக்கறவங்களுக்குத்தான் கெட்டதா? நல்லா இருக்கே உன் பெட்டி நியாயம்" என்றாள் அம்மா.

மறுநாள் பெரியவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னாராம்: "கணக்கு கணக்குதான்ப்பா. நீ நிக்கும்னு சொல்ற. நிக்கறதக் காட்டு, நம்பறேன். காட்ட முடியலைன்னா வெளியில ஒரு கெர்னல் விலைக்கு வருது, அதப் போட்டுடறேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இருக்காது. மனசுல வச்சுக்காத."

வேலை போவதைவிட, நான்கு வருடம் எழுதியதைப் பெருக்கிக் குப்பையில் போடுவார்களே என்பதுதான் அவனுக்குக் கவலை. அதை அவன் சொல்லவில்லை. இரண்டு நாள் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு போனான், அதில் தெரிந்துகொண்டேன்.

பெட்டி ஐம்பது நாள் நிற்காமல் ஓட வேண்டும். அலுவலகத்தில் முடியாது. ஆறு பேரில் யாராவது ஒருவர் எதையாவது பிடுங்குவார்கள், கரண்டும் போகும். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்தான். முன்னறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பெட்டி, கீழே ஒரு லாரி பாட்டரி, அதற்கு ஒரு சார்ஜர். கம்ப்ரஸருக்குப் பதில் ஒரு சின்னப் பல்பு. அது ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிடம் எரியும். நடுவில் மூன்று நிமிடம் கட்டாய ஓய்வு.

"யாருடா இது, புது விருந்தாளி?" என்றாள் அம்மா.

"அம்பது நாள் இருப்பாரும்மா. சோறு வேண்டாம், தொடாம இருந்தா போதும்."

நோட்டு எழுதுவது என் பொறுப்பு. வேலைக்குப் போகுமுன் மூன்று முறை, வந்த பிறகு மணிக்கு ஒரு முறை, பல்பு எரிந்த நேரத்தைக் குறிப்பேன். பகலில் அம்மா பார்த்துச் சொல்வாள். அம்மாவுக்கு அது பழகிவிட்டது. "பல்பு ஆறு தடவை எரிஞ்சுடுச்சு, பருப்பு வெந்திருக்கும்" என்று சமையலுக்கே அதை வைத்துக்கொண்டாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அந்த மஞ்சள் வெளிச்சம் சுவரில் விழுவது தெரிகிறது. மூன்று பேரும் பேசிக்கொண்டே இருப்போம், எரியும், ஒரு நொடி பேச்சு நிற்கும், பிறகு தொடரும்.

நாற்பத்தோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பி முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். பெட்டிப் பக்கம் பெருக்கும்போது பாட்டரியின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைப் பார்த்தேன். பட்டறையில் என் மிஷினில் ஒரு பொட்டுத் துருவைக்கூட விடமாட்டேன். இப்படியே விட்டால் இன்னும் ஒன்பது நாளில் கம்பி அரித்துவிடும், தம்பியின் உழைப்பெல்லாம் வீணாகிவிடும் என்று நினைத்தேன். வெந்நீர் வைத்து, பழைய துணி எடுத்து, நட்டைத் திருகிக் கம்பியைக் கழற்றி, சுத்தமாகத் துடைத்து, வாஸலின் தடவி, மறுபடி இறுக்கினேன். பல்பு எரிந்தது. நோட்டை எடுத்து எழுதினேன்: "மாலை 4.20. பாட்டரி முனையில் பூச்சு. கழற்றித் துடைத்து வாஸலின் தடவி மாட்டினேன். 4.23. பல்பு எரிகிறது."

தம்பி வந்தான். வழக்கம்போல டீயைக் குடித்துக்கொண்டே நோட்டைப் பார்த்தான். டீ பாதியில் நின்றது.

"அக்கா, கழட்டினியா?"

"ஆமாடா. எவ்வளவு பூத்திருந்தது தெரியுமா? நல்லவேளை நான் பாத்தேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பியைக் கழற்றியபோதே கடிகாரம் பூஜ்யத்துக்குப் போயிருக்கும்.

"மூணு நிமிஷம்தானேடா…"

"மூணு நிமிஷம்தான்கா."

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "உன் சுத்தத்துல இடி விழ! குளிக்கற சோப்பையே கழுவி வைக்கறவ நீ!" நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். தம்பிதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அழாத. நீ கழட்டினது போகட்டும், எழுதி வச்சியே. எழுதலைன்னா என்ன ஆகியிருக்கும் யோசி. அம்பதாவது நாள் எல்லாரும் பாக்க, பல்பு ஜம்முனு எரிஞ்சிருக்கும். என் கணக்கு தப்புன்னு நானே நம்பியிருப்பேன்."

அப்படிச் சொன்னானே தவிர, அன்று அவன் சாப்பிடவில்லை. மருந்தாளர் வருவதற்குப் பதினேழு நாள்தான் இருந்தது. ஐம்பது நாளைப் பதினேழுக்குள் அடைக்க முடியாது.

மறுநாள் காலை நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தவன் ஒரு சத்தம் போட்டான். கன்னத்தை வெட்டிக்கொண்டான் என்று ஓடினேன். ஒரு பக்கம் நுரை, ஒரு பக்கம் முகம்.

"அக்கா, பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கணும்னு யாரு சொன்னா?"

"என்னடா உளர்ற?"

"போட்ட உடனே கடிகாரம் பூஜ்யத்துல நிக்குது. ஏன்? நான்தானே அப்படி எழுதினேன்! நிரம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கற எண்ணுல ஆரம்பிச்சா?"

மீதி முகத்தை அப்படியே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினான். மத்தியானம், அப்படி ஆரம்பிக்கும் கெர்னலை ஏற்றிய வேறு ஒரு சிப்போடு வந்தான். நானும் அன்று பாதி நாள் விடுப்பு போட்டிருந்தேன், வேலையில் கை ஓடவில்லை. பெட்டியைப் போட்டான். பல்பு உடனே ஒரு நிமிடம் எரிந்து அணைந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம். ஐந்தாவது நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது நிமிடத்தில் எரிய வேண்டும். எரியவில்லை. எட்டு. ஒன்பது. பத்தாவது நிமிடத்தில் தம்பி கை தட்டினான், நானும் தட்டினேன்.

"நாப்பது நாள் அது பாட்டுக்கு எரிஞ்சுது, அப்ப ஒருத்தரும் தட்டல. நின்னதுக்குத் தட்டறீங்களே!" என்றாள் அம்மா.

பெரியவர் தன் மேசையில் வைத்து அதை இரண்டு முறை பார்த்தாராம். "சரி, நிக்குது. சரி பண்ணு" என்றார்.

முதல் திருத்தம் சுலபம் என்றான். அம்மாவுக்குச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னான்: "பதினொரு மணிக்கு நின்னுது, இப்ப ரெண்டு மணி. ரெண்டு பதினொண்ண விடச் சின்னது, அதனால நேரம் ஆகலன்னு சொல்லுவியா? நடுவுல எத்தன மணி போச்சுன்னுதானே எண்ணுவ? அதையே பெட்டியையும் பண்ணச் சொல்லணும்." எந்த நேரத்தைத் தாண்டியது என்று கேட்காமல், நின்று எவ்வளவு ஆயிற்று என்று கழித்துப் பார்த்தால், நிரம்பி விழுந்தாலும் கழித்தல் சரியாகவே வருமாம். அதை நான் நம்பாமல் பத்துக் கட்டம் போட்டு, சுற்றிச் சுற்றிக் கழித்துப் பார்த்தேன். வந்தது.

இரண்டாவதுதான் கஷ்டம். பெட்டி மொத்தம் எத்தனை மணி, எத்தனை வாரம் ஓடியது என்று மருத்துவமனைக்கு அச்சடித்துத் தர வேண்டும். அதற்கு நிரம்பாத எண் வேண்டும் என்று கட்டங்களை இரண்டு மடங்காக்கினான். அந்தச் சின்னச் சிப்புக்கு அவ்வளவு பெரிய எண்ணை வகுக்கத் தெரியாது. நாம் பள்ளியில் செய்ததுபோல ஒவ்வொரு இலக்கமாக இறக்கி இறக்கித்தான் வகுக்கும். அது வகுத்து முடிக்கும் வரை மற்ற வேலையெல்லாம் வரிசையில் நிற்கும். வெப்பத்தைப் பார்ப்பதுகூட நிற்கும்.

"வகுக்காமலே வகுக்கணும்கா."

"அதெப்படி?"

"முப்பத்தேழ அஞ்சால வகு. ஏழு. இப்ப முப்பத்தேழ ரெண்டால பெருக்கு, எழுபத்திநாலு. கடைசி இலக்கத்தத் தட்டிவிடு."

"ஏழு!"

"பெருக்கறது அதுக்கு லேசு, தட்டிவிடறது அத விட லேசு. ஏழால வகுக்கணும்னா ஆயிரத்து நானூத்து இருபத்தொம்பதால பெருக்கி நாலு இலக்கத்தத் தட்டிவிடு."

எனக்கு ஒன்றைச் சொன்னால் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. இருபதைப் போட்டேன், இரண்டு வந்தது. இருபத்தொன்றைப் போட்டேன், மூன்று வந்தது. விடாமல் மூன்று மாலை உட்கார்ந்தேன். ஏழின் மடங்குக்கு ஒன்று குறைவான எண்களில்தான் ஆபத்து என்று முதல் மாலையே புரிந்துவிட்டது, அவற்றை மட்டும் போட்டேன். 3331-க்கு 47,59,999 வந்தது. தட்டிவிட்டால் 475, சரி. மயிரிழையில் தப்பியது. அடுத்தது 3338. அதற்கு 47,70,002. தட்டிவிட்டால் 477. வகுத்தால் 476.

"மீதி, இங்க வாடா! உன் வித்தை தப்பா வருது!"

வந்தான். "எந்த எண்ணுல?"

"மூவாயிரத்து முந்நூத்து முப்பத்தெட்டு."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினான். நாலே வரிக் கணக்கு. கடைசியில் 3338 என்று வட்டம் போட்டிருந்தது.

"அடப்பாவி, தெரிஞ்சுக்கிட்டே என்ன மூணு நாள் பெருக்க விட்டியா!"

"நீ கேக்கவே இல்லையேக்கா. தவிர, ரெண்டு பேருக்கும் ஒரே எண் வந்தா எனக்கும் தைரியமா இருக்கும்ல."

பெட்டியில் அவன் வைத்தது இதைவிட எத்தனையோ பெரிய பெருக்கெண். பெருக்கும்போதே நிரம்பி வழியக் கூடாது, அதற்கும் இடம் விட்டுத்தான் அதைத் தேர்ந்தெடுத்தான். எந்த எண் வரை சரியாக வரும் என்பதை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதியும் வைத்தான். அந்த எண்ணை எட்டப் பெட்டி ஆயிரக்கணக்கான வருடம் ஓட வேண்டுமாம்.

எல்லாம் முடிந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் பெரியவருக்கும் இவனுக்கும் முட்டிக்கொண்டது. ஐந்து நிமிடம் முன்னால் ஆரம்பிப்பதைச் சோதனைக்கு மட்டும் என்றில்லாமல், வெளியே போகும் எல்லாப் பெட்டியிலும் அப்படியே விட வேண்டும் என்றான் தம்பி. யார் எந்தத் தப்பு எழுதியிருந்தாலும் ஐம்பதாவது நாள் மருந்து அறையில் தெரிவதைவிட, போட்ட ஐந்தாவது நிமிடம் நம் மேசையிலேயே தெரியட்டும் என்பது அவன் வாதம்.

"வாங்க வந்தவங்க முன்னாடியே பெட்டி படுத்துக்கணுமா? எந்தக் கடைக்காரனாவது அப்படிச் செய்வானா?" என்றார் பெரியவர்.

"படுத்துக்கறதா இருந்தா நம்ம முன்னாடி படுக்கட்டும் சார்."

"அந்தம்மா முன்னாடி ஏதாவது ஆச்சு, நீ கெர்னலோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சரி சார்" என்றிருக்கிறான். கோபப்படத் தெரியாதவன் என்று கூட்டத்தில் சொன்னார்களே, உண்மைதான். பிடிவாதம் பிடிக்கத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஐம்பத்தெட்டாவது நாள் மருந்தாளர் அம்மா கம்பெனிக்கு வந்தார். நடந்ததைத் தம்பி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான், நான்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன். ஒரு சின்னக் குளிர் அலமாரியில் பெட்டியைப் பொருத்திப் போட்டார்கள். முதல் நிமிடம், இரண்டாவது நிமிடம், மூன்றாவது நிமிடம் நன்றாக ஓடியது. நாலாவது நிமிடத்தில் அந்த அம்மா உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கதவைத் திறந்தார். திறந்த கணமே கதவு மணி வீறிட்டது. இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால்தான் அது அடிக்க வேண்டும்.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இவன் புதுசா ஏதோ செஞ்சு வச்சிருக்கான் மேடம். வேற கெர்னல் போட்டுக் குடுத்துடறோம்."

அந்த அம்மா தம்பியைப் பார்த்தார். "ஏன் அடிச்சுது?"

தம்பிக்குத் தெரிந்துவிட்டது. திறந்த நேரத்தோடு இரண்டு நிமிடம் கூட்டியிருக்கிறார்கள். கூட்டியதும் எண் நிரம்பிச் சின்னதாகிவிட்டது. கடிகாரம் அதை ஏற்கெனவே தாண்டிவிட்டதாகப் பெட்டி நினைத்துக்கொண்டது. கதவு மணி கெர்னலில் இல்லை, அது வேறு நிரல். எழுதியவர் யார் என்பதும் அவனுக்குத் தெரியும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னான்.

"இன்னிக்கு நீங்க இப்படி முன்னாலேருந்து ஆரம்பிக்கலைன்னா?"

"நல்லா ஓடியிருக்கும் மேடம். அம்பதாவது நாள் அந்த ரெண்டு நிமிஷத்துல யாராவது கதவத் திறந்தா அடிச்சிருக்கும்."

"அங்க மணி அடிச்சா என் ஆளுங்க மருந்தை எல்லாம் தூக்கிட்டு ஓடுவாங்க" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெரியவரிடம் திரும்பினார். "மணியச் சரி பண்ணுங்க. இந்த ஆரம்பிக்கற விஷயத்த மட்டும் எடுத்துடாதீங்க. அது இருந்தா வாங்கிக்கறேன். இல்லைன்னா வேண்டாம்."

அவர் போன பிறகு பெரியவர் கதவு மணி நிரலை அச்சடித்து எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பியின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது நான் எழுதினதுப்பா."

"தெரியும் சார்."

"அவங்க முன்னாடி சொல்லியிருக்கலாமே?"

"அவங்க ஏன் அடிச்சுதுன்னுதான் கேட்டாங்க. யாருன்னு கேக்கல."

பெரியவர் சிரித்துவிட்டு, "சரி, அந்தக் கழித்தல் எப்படி எழுதணும், காட்டு" என்றார். வெளிக் கெர்னல் பேச்சு அதோடு போயிற்று. இதே ஐந்து நிமிடத் தந்திரத்தை உலகத்தில் வேறு பலரும் செய்திருக்கிறார்கள் என்று பல வருடம் கழித்துத் தம்பிக்குத் தெரிந்தது. வருத்தப்படுவான் என்று நினைத்தேன். "எனக்கு மட்டும் தோணியிருந்தாதான் பயந்திருக்கணும்" என்று சந்தோஷமாகச் சொன்னான்.

மருந்து அறையில் புதுப் பெட்டியை ஒரு மாலை 5.25-க்குப் போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் முதல் முறை நிரம்பித் தாண்டிவிட்டது. இரண்டாவது முறை நிரம்புவது ஐம்பதாவது நாள் காலை 10.32-க்கு. போகாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே தம்பி அன்று ஒன்பது மணிக்கே சட்டை மாட்டிக்கொண்டு நின்றான். நானும் விடுப்பு சொல்லிவிட்டு உடன் போனேன்.

மருந்தாளர் அம்மா எங்களைக் குளிர் அறை வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். தம்பி கைக்கடிகாரத்தை மடியில் கழற்றி வைத்துக்கொண்டான். 10.32 ஆயிற்று. சத்தமில்லை. கம்ப்ரஸர் ஓய்வில் இருந்தது. 10.35. 10.38. அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது, நான் கையை வைத்து அழுத்தினேன். 10.41-க்கு உள்ளே 'டக்' என்றது, பிறகு ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

"அவ்வளவுதானா?" என்றார் மருந்தாளர்.

"அவ்வளவுதான் மேடம்."

அவர் ஜன்னலில் மருந்துச் சீட்டோடு நின்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டார். நாங்கள் வெளியே வந்தோம். பஸ் நிறுத்தம் வரைக்கும் நீளமான மதில். தம்பி இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தான். மூன்றாவது முறை நின்றபோது நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னடா, ஓடுதா?"

"இங்கேருந்து கேக்காதுக்கா."

"தெரியுதுல்ல? நட."